எல்லைக்கு அப்பால் நடந்த பரீட்சை

1

போன சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்காக ஜெர்மனிக்குப் போய்வந்தோம். மாப்பிள்ளை என் மனைவி புஷ்பத்தின் தம்பி மகன். சுவிசில், பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் எங்களுக்கு மேல்மாடியில் இருக்கும் யோகன் அண்ணையின் வான் வண்டியில் போனோம். அவர் எங்கள் ஊர்க்காரர், வாய் ஓயாதவர். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். பின்னால் புஷ்பமும் மகள் நிரோசாவும் இருந்தார்கள்.

இப்போது எங்களிடம் இந்த நாட்டில் தங்க அனுமதிக்கும் பி அட்டை இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஜெர்மன் விசாவும் குத்தியிருக்கிறது. அந்த விசாவுக்காக வேலையில் லீவு எடுத்து வரிசையில் நின்றேன், குறையாக இருந்த கடதாசிக்காகத் திரும்பப் போனேன், மறுபடியும் நின்றேன். பாசல் எல்லை கண்ணில் பட்டதும் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் அட்டையையும் சேர்த்துப் பிடித்து, கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டினேன். காவலன் எங்களைப் பார்க்கவில்லை. பாண் ஒன்றைக் கடித்துக்கொண்டு, போ போ என்று மற்றக் கையை அசைத்தான்.

யோகன் அண்ணை சிரித்தார். "தம்பி, கையை உள்ளுக்கு எடும். அவன் பிச்சை போடுறதெண்டு நினைக்கப்போறான்."

பின்னாலிருந்து நிரோசா ஜெர்மனில் சொன்னாள்: "அவன் கேட்கவே இல்லையே, பாப்பி." அப்பாவை இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள். பிறகு, எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, தமிழிலும் சொன்னாள். "கேக்காமல் ஏன் காட்டுறீங்கள்?"

அட்டைகளை அவரவரிடம் திருப்பிக் கொடுத்தேன். கல்யாண வீட்டில் எல்லாரும் நல்லாகச் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவள் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஊரில் இருப்பவர்களாவது வாசிக்கட்டும்.

2

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு தேவாலய மண்டபம் இருக்கிறது. அங்கே வாரத்தில் இரண்டு பின்னேரம் பலே என்கிற ஐரோப்பிய நடன வகுப்பு நடக்கும். நிரோசா ஏழு வயதில் அதன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் ஆசிரியை வெளியே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் பெயர் ஹெலன். ஒரு சுவிஸ்காரரைக் கட்டி இங்கே வந்த ஆங்கிலேயப் பெண். பிள்ளைகள் மிஸ் ஹெலன் என்றார்கள், நாங்களும் அப்படியே அழைத்தோம். அவருடைய ஜெர்மனும் என்னுடையதைப்போலத் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனால் அவரை யாரும் எந்த ஊர் என்று கேட்டதை நான் பார்க்கவில்லை.

எங்கள் ஆட்களின் பெண்பிள்ளைகள் எல்லாரும் பரதநாட்டியத்துக்குப் போனார்கள். யோகன் அண்ணை என்னைப் படிக்கட்டில் மறித்துக் கேட்டார்.

"உம்மடை பிள்ளை வெள்ளைக்காரியளோடை காலைத் தூக்கிக்கொண்டு நிக்குதாம். மெய்யோ?"

"ஓம் அண்ணை."

"எங்கடை டான்சுக்கு என்ன குறை?"

"அவளுக்கு இது விருப்பம்."

"அவளுக்கு நாளைக்குப் பண்டியிறைச்சி விருப்பம் எண்டால்?"

"அது இப்பவே விருப்பம்தான் அண்ணை. பள்ளிக்கூடத்திலை குடுக்கினம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, விட்டுவிட்டார். உண்மையான காரணத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. பரதநாட்டியம் என்றால் ஒருநாள் அரங்கேற்றம் வரும். மண்டபம் எடுக்கவேண்டும், ஊரைக் கூப்பிடவேண்டும், தகப்பன் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்து நன்றியுரை சொல்லவேண்டும். நான் பத்தாம் வகுப்புடன் நிறுத்தியவன். நாலு பேருக்கு முன்னால் என் பெயரைச் சொல்லவே வாய் வராது. பலேக்கு அப்படி ஒன்றும் இல்லை. வருடம் ஒரு பரீட்சை, அதுவும் மூடிய கதவுக்குப் பின்னால். பெற்றோர் விறாந்தையில் இருந்தால் போதும். வாயில்லாத தகப்பன்மாருக்கென்றே யாரோ செய்துவைத்த கலை என்று நினைத்தேன்.

3

அந்தப் பரீட்சையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

பலே என்றால் எங்கேயும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். முந்திய காலத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் தனக்குத் தெரிந்தபடி பழக்கினார்கள். இத்தாலிக்காரர் ஒருமாதிரி, பிரெஞ்சுக்காரர் ஒருமாதிரி, ரஷ்யர் இன்னொருமாதிரி. யார் நல்ல ஆசிரியர், யார் பிள்ளைகளின் காலைக் கெடுக்கிறவர் என்று சொல்ல ஆள் இருக்கவில்லை. பிறகு லண்டனில் பல முறைகளையும் சேர்ந்த ஆசிரியர்கள் ஒன்றாகக் கூடி, எந்த வயதில் எதைப் பழக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு பாடத்திட்டம் போட்டார்கள். வகுப்பு வகுப்பாகப் பிரித்தார்கள், பரீட்சை வைத்தார்கள். இதெல்லாம் மிஸ் ஹெலன் சொன்னது.

"பேர்னில் முழங்காலை மடக்கும் பிள்ளையும் சிங்கப்பூரில் முழங்காலை மடக்கும் பிள்ளையும் ஒரே இசைக்கு ஒரேமாதிரி மடக்கும்" என்றார். "சோதிப்பது நான் இல்லை. லண்டனிலிருந்து ஒருவர் வருவார். அவருக்குப் பிள்ளையின் ஊர் தெரியாது, தகப்பனைத் தெரியாது. நெஞ்சில் குத்தியிருக்கும் இலக்கம் மட்டும்தான் தெரியும்."

என் அண்ணன் எங்கள் ஊர்ப் பாடசாலையில் கணக்கில் முதலாவதாக வந்தவன். பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்த காலத்தில் பரீட்சை எழுதினான். அதே கேள்விகளுக்கு அதே பதில்களை எழுதிய சிங்களப் பிள்ளை பல்கலைக்கழகம் போனான். தமிழில் எழுதியதற்காக அண்ணனுக்கு வெட்டுப்புள்ளி உயர்ந்துபோயிருந்தது. கடைசியில் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுத்தான். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, நெஞ்சிலுள்ள இலக்கத்தை மட்டும் பார்க்கும் பரீட்சை என்றால் எப்படி இருந்திருக்கும் என்று ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நான் அதைக் கும்பிட்டேன் என்றே சொல்லலாம்.

புஷ்பத்துக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. முதல் பரீட்சைக்குத் தோட்டைக் கழற்றச் சொன்னார்கள்.

"ஒரு வயசிலை குத்தின காது. மூளிக் காதோடை பிள்ளையை அனுப்பச் சொல்லுறீங்களோ?"

"எல்லாப் பிள்ளையளும் கழட்டத்தானே வேணும்."

"வெள்ளைக்காரியள் ஞாபகம் வந்தாப் போடுவாளவை, வராட்டிக் கழட்டுவாளவை. இது அப்பிடியோ?"

கழற்றினாள். பிறகு இளஞ்சிவப்புக் காலுறை வாங்கினோம். பெட்டியில் 'தோல் நிறம்' என்று எழுதியிருந்தது. நிரோசா தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு போட்டுக்கொண்டாள்.

பரீட்சை சூரிச்சில் ஒரு பெரிய நடனப் பாடசாலையில் நடந்தது. பிள்ளைகள் மூன்று மூன்று பேராக உள்ளே போனார்கள். மிஸ் ஹெலனுக்கே உள்ளே போக அனுமதி இல்லை. விறாந்தையில் எங்களோடு நின்று நகத்தைக் கடித்தார். உள்ளே சின்ன மணி ஒன்று அடிக்கும், பியானோ தொடங்கும், நிற்கும். கடைசியில் பிள்ளைகள் முழங்காலை மடக்கி வணங்கிவிட்டு வெளியே வருவார்கள். அவ்வளவுதான். முதலாவது வருடம் சித்தி, தேறிவிட்டாள் என்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் திறமைச் சித்தி. சான்றிதழில் எங்கள் குடும்பப் பெயரை எழுத்துப் பிசகாமல் அச்சடித்திருந்தார்கள். இந்த நாட்டில் எங்கள் பெயரைச் சரியாக எழுதிய முதல் கடதாசி அதுதான்.

4

அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது மிஸ் ஹெலன் என்னைக் கூப்பிட்டார். நடனத்தையே தொழிலாகப் பழக்கும் பாடசாலை ஒன்று இருக்கிறது, இந்த வருடப் பரீட்சையை நல்லாகச் செய்தால் அங்கே அவளை ஆடவைத்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள் என்றார். ஆனால் பன்னிரண்டு தாண்டினால் எடுக்கமாட்டார்கள். எலும்பு இறுகிவிடுமாம்.

"இந்த வருடம்தான்" என்றார். "அடுத்த வருடம் என்று ஒன்று இவளுக்கு இல்லை."

நிரோசா இரவுச் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு கால் தூக்கிப் பழகத் தொடங்கினாள். குழம்புச் சட்டி ஆடும். புஷ்பம் ஏசுவாள், பிறகு சட்டியைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

அந்த வருடம் சூரிச் பாடசாலை மூடப்பட்டுவிட்டது. சோதிக்க வருபவர் சுவிசுக்குள் வரவில்லை. பக்கத்துப் பரீட்சை நிலையம் ஃப்ரைபுர்க் என்று சொன்னார்கள். பாசல் எல்லையைத் தாண்டினால் ஜெர்மனியில் கொஞ்சத் தூரம். மற்றப் பிள்ளைகளின் தாய்மார் எந்தக் கடைத்தெருவில் காத்திருக்கலாம் என்று கதைத்தார்கள்.

எங்களிடம் அப்போது எஃப் அட்டைதான். தற்காலிகமாக வைத்திருக்கிறோம் என்று அதன் பொருள். திருப்பி அனுப்பவும் முடியாது, இருக்கச் சொல்லவும் மாட்டோம். அந்த அட்டையோடு எல்லை தாண்ட முடியாது. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். சொல்லவேண்டியதை ஜெர்மனில் வீட்டிலேயே பாடமாக்கிக்கொண்டு போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையானவர்.

"தாய் தகப்பன் சாகக் கிடக்கிறார்களா?"

"இல்லை. பரீட்சை."

"பாடசாலைப் பரீட்சையா?"

"நடனம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். அவ்வளவில் அது முடிந்துவிட்டது.

மிஸ் ஹெலன் கேட்டுவிட்டுக் கையை விரித்துச் சிரித்தார். "என் காரில் நாலு சின்னப் பெண்கள். எல்லாருக்கும் கொண்டை. யார் நிறுத்துவார்கள்? நான் எத்தனை தரம் போய்வந்திருக்கிறேன், ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை."

அவரை ஒருவரும் கேட்டதில்லை. அது உண்மைதான். யோகன் அண்ணையும் அதையே சொன்னார். "பின் சீற்றிலை நித்திரைமாதிரிக் கிடக்கச் சொல்லும். போயிட்டு வந்திடும் பிள்ளை." புஷ்பம் சாமிப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வந்து, "போகட்டும்" என்றாள். நானும் போகட்டும் என்றேன்.

5

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். வெளியே போகிறவர் செருப்பைப் போடமுதல் அட்டையை எடுப்பார். கடைக்கு, குப்பை போட, மாடிப்படி இறங்கி உடுப்புத் தோய்க்க, எதற்கென்றாலும். பிள்ளைக்கும் அப்படித்தான் பழக்கினோம். அவளுடைய ஜாக்கெட்டின் உள்பையில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு இடம் தைத்துக் கொடுத்தாள் புஷ்பம். சீருடை போட்ட யாரைக் கண்டாலும், அவர் கேட்கமுதல், அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டவேண்டும். ஓடக்கூடாது, சிரிக்கக்கூடாது, பைக்குள் கையை வைத்துக்கொண்டு நிற்கவே கூடாது. ட்ராமில் டிக்கெட் பார்க்கிறவருக்கும் அவள் முதலில் அட்டையைத்தான் நீட்டுவாள். அவர்கள் சிரிப்பார்கள்.

சங்கக்கடையில் அரிசி நிறுத்த என் அண்ணன் ஒருநாள் காலமை பாண் வாங்கச் சைக்கிளில் போனான். அடையாள அட்டை தோய்க்கப் போட்ட சட்டைப் பையில் கிடந்தது. சந்தியில் ஆமிக்காரர் மறித்தார்கள். சைக்கிளை மட்டும் யாரோ கொண்டுவந்து வாசலில் சாத்திவிட்டுப் போனார்கள்.

அந்தப் பழக்கத்தைப் பிழை என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். பிள்ளைகளைப் பயப்படுத்தி வளர்த்துவிட்டீர்கள் என்று ஒரு சமூக சேவகியும் சொன்னார். நான் பிழை என்று சொல்லமாட்டேன். மறுபடி ஒரு பிள்ளை பிறந்தால் அதையேதான் பழக்குவேன்.

6

நான் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறேன். பாத்திரம் கழுவும் மெஷினுக்கு முன்னால் நிற்பது என் இடம். அன்று காலை சமையல் தலைவர் கூப்பிட்டார், உனக்குத் தொலைபேசி என்று. எனக்கு அங்கே அதுவரை ஒரு அழைப்பும் வந்ததில்லை. எடுத்தபோது மிஸ் ஹெலன் அழுதுகொண்டு ஆங்கிலமும் ஜெர்மனும் கலந்து கதைத்தார். எல்லையில் பிடித்துவிட்டார்கள். மற்ற மூன்று பேருக்கும் நேரம் குறித்திருக்கிறது. நேரம் தவறினால் சோதிக்கமாட்டார்கள். அவர்களைக் கொண்டு போகத்தான் வேண்டும். நிரோசா சுவிஸ் பக்கக் காவல் அறையில் இருக்கிறாள்.

கையுறையைக் கழற்றிவிட்டு ரயில் ஏறினேன்.

காவல் அறையில் வயதான அதிகாரி ஒருவர் என்னை உட்காரச் சொன்னார். தண்டம் இல்லை, பயப்படவேண்டாம் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெர்மன்காரர் போகச் சொல்லிக் கையைத் தூக்கிவிட்டார். கார் உருளத் தொடங்கிவிட்டது. உங்கள் பிள்ளை பின் கண்ணாடியை இறக்கி அட்டையை நீட்டினாள். இரண்டு கையாலும்." தன் கையாலும் அப்படி நீட்டிக் காட்டிவிட்டு, "கண்ட பிறகு காணாதமாதிரி இருக்க அவரால் முடியாது" என்றார்.

நிரோசா மூலையில் கதிரை நுனியில் இருந்தாள். ஜாக்கெட்டுக்குக் கீழே இளஞ்சிவப்புக் கால்கள். இறுக்கிக் கட்டிய கொண்டை. தோடில்லாத காது. யாரோ கொடுத்த ஓவோமால்டீன் பால் முன்னால் ஆடை படிந்து இருந்தது. முதுகை நேராக, கழுத்தை நீட்டி வைத்திருந்தாள். இன்னும் யாரோ புள்ளி போடுகிறார்கள் என்பதுபோல.

"அப்பா, நான் பிழை விட்டனானோ?"

"இல்லை பிள்ளை. நீ சரியாத்தான் செய்தனி."

"மிஸ் ஹெலன் காட்டவேண்டாம் எண்டு சொன்னவ. எனக்கு ஞாபகம் இருந்தது." தன் கைகளைப் பார்த்தாள். "கை தானாப் போயிட்டுது."

"பரவாயில்லை."

"சரியாச் செய்தால் ஏன் என்னை மட்டும் இறக்கினவை?"

ஜாக்கெட்டின் பொத்தானைப் பூட்டி அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன்.

திரும்பும் ரயிலில் அவள் கொண்டையை அவிழ்த்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி என் உள்ளங்கையில் வைத்தாள். கையை மூடாமல் பேர்ன் வரைக்கும் வைத்திருந்தேன். அழுதாளா என்றால், இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

7

மற்ற மூன்று பேரும் சித்தியடைந்தார்கள். மிஸ் ஹெலன் வீட்டுக்கு வந்து புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், தேத்தண்ணீர் குடித்தார், அந்தப் பாடசாலைக்கு விளக்கி எழுதுவதாகச் சொன்னார். எழுதினார் என்றுதான் நினைக்கிறேன். பரீட்சை முடிவு இல்லாமல் பார்க்க முடியாது என்று பதில் வந்தது. எல்லாருக்கும் ஒரே விதி. அந்தப் பரீட்சையில் நான் கும்பிட்டது அதைத்தானே.

கோடை விடுமுறைக்குப் பிறகு நிரோசா வகுப்புக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "கெயின லுஷ்ட்" என்றாள். மனமில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு வீட்டில் அடிக்கடி கேட்ட வார்த்தை அதுதான். கோயிலுக்கு வா, கெயின லுஷ்ட். மாமாவோடு கதை, கெயின லுஷ்ட். அப்பா என்பது பாப்பி ஆனது. கோபம் வந்தால் பேர்ன் ஜெர்மனில் வேகமாகப் பேசுவாள். நான் பாதி விளங்கி நிற்பேன், அவளும் நான் பாதி விளங்கவேண்டும் என்றே பேசுவாள்.

இப்போது அவளுக்குப் பதினாறு. ஒரு மருந்துக்கடையில் தொழில் பழகுகிறாள். நல்ல பிள்ளை என்று முதலாளி சொல்கிறார். பலேக் காலணிகளை எறிந்துவிட்டாள். சான்றிதழ்கள் புஷ்பத்தின் சேலைக்கு அடியில் இருக்கின்றன. மிஸ் ஹெலனைத் தெருவில் கண்டால் மறுபக்கம் கடந்துவிடுகிறாள். அந்தப் பெண்மணியில் எனக்குக் கோபமில்லை. எல்லை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்களுக்கு பி அட்டை அதற்கு அடுத்த வருடம் கிடைத்தது. மனிதாபிமானம் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

8

ஞாயிறு பின்னேரம் கல்யாண வீட்டிலிருந்து திரும்பினோம். ஃப்ரைபுர்க் என்ற பலகை வந்தது. நான் யோகன் அண்ணையிடம் ஏதோ கேட்டேன், அவரும் ஏதோ சொன்னார்.

எல்லை நெருங்கியதும் என் கை தன்பாட்டில் சட்டைப்பைக்குப் போனது. சனிக்கிழமை அவள் சொன்னது நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டேன். கேட்காமல் காட்டப்போவதில்லை என்று முடிவு செய்தேன். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தேன். இந்த வயதில் எனக்கும் ஒரு பரீட்சை.

சுவிஸ் காவலன் வானுக்குள் குனிந்து பார்த்தான். பிறகு, போகச் சொல்லிக் கையைத் தூக்கினான்.

"கண்டீரோ?" என்றார் யோகன் அண்ணை. "ஒண்டும் காட்டத் தேவையில்லை. சும்மா பயந்து சாகிறீர்."

"ஓம் அண்ணை" என்றேன். அவளுக்குச் சொல்லிக் காட்டவேண்டும்போல இருந்தது. பார்த்தியோ, நான் நீட்டவில்லை என்று. சிரித்துக்கொண்டு பின்னால் திரும்பினேன்.

நிரோசா ஜன்னலோரம் முதுகை நேராக வைத்து இருந்தாள். மடியில், கண்ணாடி மட்டத்துக்குக் கீழே, அட்டை இருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

நான் பார்த்ததை அவள் கண்டாள். அவள் அதை உள்ளே வைக்கவில்லை. நான்தான் முன்னால் திரும்பிக்கொண்டேன்.